மூன்று நாள் வேலைக்கும் ஒப்பந்தம் எழுதுங்கள்: வன்னியிலிருந்து பிறீலான்ஸ் ஐ.ரி. வேலை தொடங்குவோருக்கு

கிளிநொச்சியோ மல்லாவியோ வவுனியாவோ, வீட்டில் இருந்தபடி மென்பொருள் வேலை எடுக்கத் தொடங்கும் ஒருவருக்கு முதலில் வருவது ஆறு மாத ஒப்பந்தம் அல்ல. இரண்டு நாள், மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஒரு கிழமை வேலைதான் வரும். ‘இதுக்கெல்லாம் யார் மினக்கெடுறது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் எதையும் எழுதாமல் வட்ஸ்அப்பிலேயே பேசி முடித்து, பிறகு காசுக்கு அலைகிறார்கள்.

என்னைக் கேட்டால், தொடக்கக்காரருக்கு இந்தக் குட்டி ஒப்பந்தங்களே நல்லவை. தெரியாத ஆளோடு மூன்று மாதம் மாட்டிக்கொள்வதை விட மூன்று நாள் வேலை செய்து பார்ப்பது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் தாள் வேலை, வங்கிக் கழிவு, காசு வரும்வரை காத்திருக்கும் நாள் எல்லாம் பெரிய ஒப்பந்தத்துக்கு எவ்வளவோ, சின்னதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதை விலையில் சேர்க்காவிட்டால் கடைசியில் மிஞ்சுவது கையைக் கடிக்கும். நான் ஒவ்வொரு இடத்திலும் முட்டி மோதித் தெரிந்துகொண்டதை ஒழுங்காக எழுதுகிறேன்.

1. எந்த வேலையை எடுப்பது

‘முடிந்தது’ என்று இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லக்கூடிய வேலையை மட்டும் எடுங்கள். வேர்ட்பிரஸ் தளத்தை ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது, ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவது, மெதுவாகத் திறக்கும் பக்கத்தை வேகப்படுத்துவது, கடையின் எக்செல் கணக்கை ஒழுங்குபடுத்துவது போன்றவை பொருந்தும். நம்மிடம் இன்னொரு சரக்கும் இருக்கிறது. பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய ஆவணங்களை யூனிகோட்டுக்கு மாற்றுவது, தமிழ் எழுத்து உடைந்து தெரியும் தளத்தைச் சரிசெய்வது போன்ற வேலைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆள்தான் வேண்டும். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டுத் தமிழரிடமிருந்தும் இவை வருகின்றன.

‘பள்ளிக்கூடத்துக்கு ஒரு சிஸ்டம்’, ‘ஊபர் மாதிரி ஒரு அப்’ என்று வருவதை மூன்று நாளில் செய்வதாக ஒத்துக்கொள்ள வேண்டாம். அப்படிக் கேட்பவரிடம், என்னென்ன வேண்டும் என்று பேசி எழுதித் தரும் இரண்டு நாள் வேலையைக் காசுக்கு எடுக்கலாம். அதற்குக் காசு தர மனமில்லாதவர் பெரிய வேலைக்கும் தரமாட்டார்.

2. தாள்களை முதலே எடுத்து வையுங்கள்

மூன்று நாள் வேலை வந்த பிறகு இரண்டு கிழமை அலுவலகம் அலுவலகமாகத் திரிய முடியாது. வேலை இல்லாத நாளில் இவற்றை முடித்து வையுங்கள்.

வரி செலுத்துநர் இலக்கம், அதாவது ரின் இலக்கம். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் ஒன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் பதிய வேண்டும் என்பது 2024 தொடக்கம் நடைமுறையில் உள்ளது. இலக்கம் எடுத்தால் உடனே வரி கட்ட வேண்டிவரும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. இலக்கம் வேறு, வரி வேறு. வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி.

வியாபாரப் பெயர்ப் பதிவு. உங்கள் சொந்தப் பெயரில் வெளிநாட்டு ஆட்களுக்குச் சின்ன வேலை செய்ய இது இல்லாமலே தொடங்கலாம். உள்ளூர் நிறுவனமோ என்.ஜி.ஓ.வோ வேலை தருவதென்றால் பெரும்பாலும் கேட்பார்கள். விண்ணப்பத்தை விதானையாரிடம் (கிராம அலுவலர்) உறுதிப்படுத்திக்கொண்டு பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதியோடு, தொழில் செய்யும் இடம் யாருடையது என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள். இங்கேதான் வன்னியில் பலர் சிக்குவது. நம்மில் நிறையப் பேருக்கு உறுதிக் காணி இல்லை, அரசு அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிற் காணிதான். அதுவும் அப்பாவின் பெயரிலோ அம்மம்மாவின் பெயரிலோ இருக்கும். பேர்மிற் பிரதியையும், ‘இந்த வீட்டில் இருந்து தொழில் செய்ய எனக்கு ஆட்சேபனை இல்லை’ என்று காணிக்காரர் கையெழுத்திட்ட கடிதத்தையும் முதல் தடவையே கொண்டுபோனால் திரும்பி வரவேண்டியிராது. புதுக்குடியிருப்பிலோ துணுக்காயிலோ உள்ள ஒருவருக்குத் திரும்பிப் போவதென்றால் ஒரு நாள் வேலை போச்சு. விதானையார் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

பெயர். இதைச் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். நம் பெயர்கள் தகப்பன் பெயரோடு ஓடுபவை. ஒரு தாளில் முதலெழுத்து, இன்னொன்றில் முழுப்பெயர், வங்கியில் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. அப்வேர்க் (வேலை தேடி எடுக்கும் இணைய மேடை), பயோனியர் (வெளிநாட்டுக் காசு வாங்க உதவும் சேவை) போன்றவை அடையாளத்தைச் சரிபார்க்கும்போது ஓர் எழுத்து மாறினாலும் கணக்கு முடங்கலாம். பழைய அடையாள அட்டையில் ஆங்கிலப் பெயர் இல்லை. 2017இன் பிறகு வந்த புது வகை அட்டையில் மூன்று மொழியும் உண்டு. கடவுச்சீட்டு இருந்தால் அதிலுள்ள எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் அப்படியே பயன்படுத்துங்கள்: வங்கி, ரின், பயோனியர், அப்வேர்க், இன்வொய்ஸ்.

வங்கிக் கணக்கு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் வெளிநாட்டுக் காசு வரும். ரூபாயாக மாறி விழும். டொலராகவே வைத்திருக்க விரும்பினால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு அல்லது வணிக வெளிநாட்டு நாணயக் கணக்கு என்று கேட்டுத் திறக்கலாம். வீட்டுச் செலவு ஓடும் கணக்கில் வேலைக் காசை விட வேண்டாம். வருட முடிவில் பிரித்தெடுக்கத் தலையிடி.

3. நாள் விலையைச் சரியாகப் போடுங்கள்

மாதம் 1,20,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். அதை 22 வேலை நாளால் பிரித்து ‘நாளுக்கு 5,500’ என்று சொல்பவர்கள் நிறையப் பேர். குட்டி ஒப்பந்தத்தில் 22 நாளும் விற்காது. ஆள் தேடுவது, பேசுவது, சேர்வர் பாஸ்வேர்ட் வரும்வரை இருப்பது, இன்வொய்ஸ், காசுக்கு நினைவூட்டுவது என்று பாதி மாதம் போய்விடும். மாதத்தில் 10 நாள்தான் விற்கும் என்று எடுத்தால் நாளுக்கு 12,000 வருகிறது. மூன்று நாள் வேலைக்கு 36,000. இதைச் சொல்லக் கூச்சம் வரும். வந்தாலும் சொல்லுங்கள்.

அதற்கு மேல் இன்னொன்று. சம்பள வேலையில் இருப்பவருக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் சம்பளத்துக்கு வெளியே போடுகிறார். உங்களுக்கு யாரும் போடமாட்டார்கள். ஆகவே சம்பளத்தோடு ஒப்பிடும்போது அந்த 15 வீதத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

அப்வேர்க்கில் ஒவ்வொரு வேலைக்கும் விண்ணப்பிக்கக் கனெக்ட்ஸ் என்ற விண்ணப்பப் புள்ளிகள் வேண்டும், ஒன்று 0.15 டொலர். ஒரு வேலைக்கு 12 கனெக்ட்ஸ் கேட்டால் 1.80 டொலர். பத்து இடத்துக்கு விண்ணப்பித்து ஒன்று கிடைத்தால் அந்த ஒன்றுக்கான செலவு 18 டொலர். 30 டொலர் வேலைக்கு இப்படிச் செய்தால் என்ன மிஞ்சும்? அதே மாதிரி இன்னொரு மேடையான ஃபைவரில் விண்ணப்பச் செலவு இல்லை, ஆனால் விற்பனையில் 20 வீதம் கழிவு. எந்த மேடையானாலும் கழிவு போன பின் கையில் வரும் தொகையை வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

மணித்தியாலமா, மொத்தத் தொகையா? வேலை என்னவென்று தெளிவாகத் தெரிந்தால் மொத்தம். பிழை எங்கே இருக்கிறதென்றே தெரியாவிட்டால் மணித்தியாலம், அல்லது ‘ஒரு நாள் பார்க்கிறேன், கண்டதை எழுதித் தருகிறேன்’ என்று ஒரு நாள் விலை.

4. ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

பன்னிரண்டு பக்க ஒப்பந்தம் மூன்று நாள் வேலைக்குத் தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் போதும், அவர் ‘சம்மதம்’ என்று பதில் போட்டால். இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சல் வழி ஒப்பந்தத்தை ஏற்கிறது. வட்ஸ்அப்பில் பேசியிருந்தாலும், பேசி முடித்ததைத் தொகுத்து மின்னஞ்சலில் அனுப்பி ஒரு பதில் வாங்கிவிடுங்கள். போன் மாறினால் சட் போய்விடும்.

அதில் இருக்க வேண்டியவை: என்ன செய்யப்படும், என்ன செய்யப்படாது, எந்தத் தேதியில் எந்த நேரம் முடியும், எவ்வளவு, எப்போது தரப்படும், எத்தனை தடவை திருத்தம் இலவசம், பிறகு கேட்டால் நாள் விலை என்ன, கோட் யாருக்குச் சொந்தம்.

‘என்ன செய்யப்படாது’ என்ற வரியைத்தான் எல்லோரும் விடுவது. தளத்தை மாற்றித் தருவதென்றால் ‘புதுப் பக்கம் சேர்ப்பது, மின்னஞ்சல் அமைப்பது, லோகோ மாற்றுவது இதில் இல்லை’ என்று போடுங்கள். இல்லாவிட்டால் ‘அதோட இதையும் ஒருக்காப் பாத்து விடுங்கோ’ என்று மூன்று நாள் ஒன்பது நாளாகும். மொத்த விலை அதேதான் இருக்கும், நாள் எண்ணிக்கை மட்டும் கூடும்.

நாள் கணக்கு எப்போது தொடங்கும் என்பதும் முக்கியம். ‘சேர்வர், டொமைன், அட்மின் பாஸ்வேர்ட் எல்லாம் கைக்கு வந்ததிலிருந்து மூன்று வேலை நாள்’ என்று எழுதுங்கள். வெறுமனே ‘வெள்ளிக்கிழமை’ என்றால், அவர் பாஸ்வேர்டை வியாழன் இரவு தந்தாலும் பழி உங்கள் மேல்தான். நேரத்தை எழுதும்போது இலங்கை நேரம் என்று சேர்த்து எழுதுங்கள். ரொறன்ரோவில் கோடை காலத்தில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு அடுத்த நாள் காலை ஐந்தரை.

காசு பாதி முன், பாதி முடிந்ததும். உள்ளூர்க் கடைக்காரர், வெளிநாட்டுத் தமிழர், தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் இதே விதி. சில நிறுவனங்களில் முன்பணம் தரமாட்டார்கள். ‘இன்வொய்ஸ் கொடுத்து 45 நாள்’ என்பார்கள். மூன்று நாள் வேலைக்கு 45 நாள் காத்திருப்பு நியாயமில்லை, ஆனால் சில நேரம் அதையும் எடுக்க வேண்டி வரும். அப்படியானால் ஒரே நேரத்தில் அந்த மாதிரி ஒன்றுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

நிறுவனம் அனுப்பும் ஒப்பந்தத்தில் ‘ஒரு வருடத்துக்கு இதே துறையில் வேறு யாருக்கும் வேலை செய்யக் கூடாது’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கலாம். மூன்று நாள் காசுக்கு ஒரு வருடத்தை விற்காதீர்கள். ‘இந்த வேலையின் குறுகிய காலத்துக்குப் பொருந்தாது, இந்த வரியை நீக்கிவிடுகிறேன்’ என்று பணிவாக எழுதினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். இரகசியம் காப்பது பற்றிய வரி இருந்தால் அது சரி, அதற்குக் கையெழுத்து வைக்கலாம்.

இனிச் சொந்தக்காரர் விவகாரம். லண்டனில் இருக்கும் மாமாவின் நண்பருக்கு இணையத்தளம் வேண்டும்; மாமா போன் எடுத்து, “தம்பி, சின்ன வேலைதான், ஒருக்காச் செய்து குடுத்து விடு” என்கிறார். மறுக்கவும் முடியாது, காசு கேட்கவும் நாக்கு எழாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி: மாமாவோடு விலை பேசாமல் நேரே அந்த நண்பருக்கு அதே ஒரு பக்க மின்னஞ்சலை அனுப்புவது. “மாமா சொன்னவர், விபரத்தை எழுதி அனுப்பியிருக்கிறன் அண்ணா, பாத்துச் சொல்லுங்கோ” என்றால் போதும். விலையைக் குறைத்துக் கொடுக்க விரும்பினால் முழு விலையையும் எழுதி, அதன் கீழே குறைத்த தொகையையும் எழுதுங்கள். இலவசமாகச் செய்வதாக இருந்தாலும் முழு விலையை எழுதி, பூச்சியம் என்று முடியுங்கள். அடுத்தமுறை அவர் ஆள் அனுப்பும்போது அந்த முழு விலையைத்தான் சொல்லி அனுப்புவார்.

டொமைன், ஹோஸ்டிங் இரண்டையும் உங்கள் கார்டில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவர் பெயரில், அவர் கார்டில், அவர் மின்னஞ்சலில் வாங்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேலை முடிந்து இரண்டு வருடமானாலும் புதுப்பிக்கும் பில் உங்களுக்குத்தான் வரும்.

5. காசு எந்த வழியால், எப்போது

அப்வேர்க்கில் மொத்தத் தொகை வேலையென்றால், நீங்கள் முடித்து அனுப்பிய பிறகு வாடிக்கையாளருக்குப் பார்க்க 14 நாள் உண்டு. அவர் ஒன்றும் செய்யாவிட்டால் தானாக விடுபடும். அதன் பின் 5 நாள் பாதுகாப்புத் தடை. ஆக மோசமான நிலையில் 19 நாள், அதற்கு மேல் வங்கிக்கு வரும் நாள். மணித்தியால வேலையென்றால் ஞாயிறோடு கிழமை முடிந்து, பத்து நாள் கழித்து வரும் புதன்கிழமை எடுக்கலாம். ஃபைவரில் வாடிக்கையாளர் ஒன்றும் சொல்லாவிட்டால் 3 நாளில் தானாக முடிந்ததாகும். புதியவர்களுக்குக் காசு விடுபட அதன் பின் இன்னும் 14 நாள். மூன்று நாள் வேலைக்குக் காசு மூன்று கிழமையில் என்று எண்ணிக்கொண்டு வீட்டுச் செலவைத் திட்டமிடுங்கள்.

மேடை இல்லாமல் நேரே வேலை செய்தால் பயோனியர், வைஸ், அல்லது வங்கிக்கு வங்கி சுவிஃப்ட். சுவிஃப்டில் இடையில் நிற்கும் வங்கியும் நிலையான ஒரு கழிவை எடுக்கும். 1,000 டொலரில் அது தெரியாது, 60 டொலரில் நன்றாகத் தெரியும். அனுப்பும் செலவு முழுவதும் அனுப்புபவருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அல்லது ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சின்ன வேலை செய்தால் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள். பேபாலை நம்பி விலை பேச வேண்டாம். இலங்கைக் கணக்கு பல வருடமாகக் காசு கட்டத்தான் உதவியது, வாங்க அல்ல.

அமெரிக்க வாடிக்கையாளரோ மேடையோ டபிள்யூ-8 பென் படிவம் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று சொல்லும் தாள் அது. நிரப்புவது இலவசம்.

உண்டியல், அதாவது வங்கியில்லாமல் ஆள் வழியாகக் காசு மாற்றுவது, வேண்டாம். ‘அண்ணன் அங்க குடுத்தா இங்க கைக்கு வரும், கழிவும் இல்லை’ என்று சொல்லத்தான் செய்வார்கள். அது சட்டப்படி சரியில்லை என்பது ஒரு பக்கம். மறுபக்கம், அந்தக் காசு உங்கள் வங்கிக் கூற்றில் வராது. நாளைக்குக் கடன், விசா, வரி எதற்கும் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இன்னொரு பொறி: ‘உங்கட அப்வேர்க் கணக்கை வாடகைக்குத் தாங்கோ, மாதம் இவ்வளவு தாறம்’ என்று பெடியளிடம் கேட்டு வருபவர்கள். கணக்கை இன்னொருவர் பாவிப்பதை அந்த மேடை அனுமதிப்பதில்லை. பிடிபட்டால் போவது உங்கள் பெயர். அதே அடையாளத்தோடு மறுபடி திறக்க முடியாது.

6. வேலை நாளில்

குறுகிய ஒப்பந்தத்தில் தவறிய நேரத்தைப் பிறகு பிடிக்க இடமில்லை. மூன்று மாத வேலையில் ஒரு நாள் கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது. மூன்று நாள் வேலையில் அது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே தேதி கொடுக்கும்போது ஒரு நாள் கூட்டிக் கொடுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் இரண்டு நாள். றவுற்றருக்குச் சின்ன யு.பி.எஸ். ஒன்று, இரண்டு வேறு கம்பெனியின் சிம், லப்டொப்பில் நல்ல பற்றரி. நகரத்தை விட்டு உள்ளே இருப்பவர்கள் எந்த மூலையில், எந்த நேரத்தில் சிக்னல் நிற்கிறது என்பதை வேலை எடுக்க முன்பே பார்த்து வையுங்கள்.

ஒவ்வொரு நாளும் மாலையில் இரண்டு வரி அனுப்புங்கள்: இன்று இது முடிந்தது, நாளை இது. எழுதிய கோட் முழுவதையும் அன்றன்றே கிட்ஹப் என்ற கோட் சேமிப்புத் தளத்தில் ஏற்றுங்கள்.

7. முடிக்கும் நாள்

வேலை முடிந்த அன்றே நான்கு காரியம். செய்ததை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். உங்கள் கணக்கை நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்றச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து அவர்கள் தளத்தை யாரோ உடைத்தால் உங்கள் பெயர் இழுபடக் கூடாது. இன்வொய்ஸ் அனுப்புங்கள்: உங்கள் பெயர், முகவரி, ரின், இன்வொய்ஸ் இலக்கம், தேதி, ஒப்பந்த மின்னஞ்சலின் தேதி, தொகை, வங்கி விபரம். பிறகு இரண்டு வரியில் ஒரு சான்று கேளுங்கள், அதைப் பிறருக்குக் காட்டவும் அனுமதி கேளுங்கள். அந்தக் கிழமையில் கேட்டால் தருவார்கள். மாதம் கழித்துக் கேட்டால் ‘பிறகு எழுதுறன்’ என்பார்கள்.

குட்டி வேலையின் உண்மையான வருமானத்தில் அந்தச் சான்றும் ஒரு பகுதி. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியலோ ஜேர்மன் தொழிற்பயிற்சியோ, வவுனியா பம்பைமடுவில் கணினி விஞ்ஞானமோ படித்து வெளியே வருபவரிடம் சான்றிதழ் இருக்கும், வேலை அனுபவம் இருக்காது. முன்பின் தெரியாத ஐந்து ஆட்கள் எழுதித் தந்த ஐந்து சான்றுகள் அந்த இடத்தை நிரப்பும். சுயவிபரத்தில் ஒவ்வொரு மூன்று நாள் வேலையையும் தனி உத்தியோகமாகப் போட வேண்டாம். அடிக்கடி வேலை மாறுபவர் போலத் தெரியும். ‘சுயாதீன மென்பொருள் வேலை’ என்று ஒரே தலைப்பு, அதன் கீழே வேலைகள்.

8. வரியும் கழிவும்

2025 ஏப்ரல் 1 முதல் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் பெற்று, வங்கி வழியே நாட்டுக்குக் கொண்டுவந்த வருமானத்துக்கு வரி 15 வீதத்துக்கு மேல் போகாது. ‘வங்கி வழியே’ என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் வங்கி தரும் அறிவித்தலையும் அதற்குரிய இன்வொய்ஸையும் ஒன்றாகக் கோர்த்து வையுங்கள்.

வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அறிக்கையை நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். வரி வருமென்றால் காலாண்டுத் தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15ஆம் திகதி.

உள்ளூர் நிறுவனம் ஒரு மாதத்தில் உங்களுக்கு 1,00,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் தந்தால் 5 வீதத்தைப் பிடித்துக்கொண்டு தரும். அது அநியாயமல்ல, உங்கள் பெயரில் கட்டப்படும் வரிதான். அதற்கான சான்றிதழை வாங்காவிட்டால் அந்தக் காசை உங்கள் கணக்கில் கழிக்க முடியாது. மூன்று நாள் வேலை செய்த ஆளைக் கணக்குப் பிரிவுக்கு நினைவிருக்காது. ஆகவே காசு வந்த அன்றே சான்றிதழைக் கேட்டு மின்னஞ்சல் போடுங்கள். வற் (பெறுமதி சேர் வரி) பதிவு இல்லை என்று ஒரு கடிதமும் சில இடங்களில் கேட்பார்கள். உங்கள் கடிதத் தலைப்பில் ஒன்று எழுதி வைத்திருந்தால் தேதியை மட்டும் மாற்றிக் கொடுக்கலாம்.

9. அதே ஆளிடம் அடுத்த வேலை

இரண்டு குட்டி வேலை சச்சரவில்லாமல் முடிந்தால், மூன்றாவதைக் கேட்டு வரும்போது மாதத்துக்கு எட்டு மணித்தியாலம் என்று ஒரு நிலையான ஏற்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். காசு மாதத் தொடக்கத்தில், பாவிக்காத மணித்தியாலம் அடுத்த மாதத்துக்குப் போகாது, இரண்டு பக்கமும் 14 நாள் அறிவித்தலில் நிறுத்தலாம். இதற்கும் அதே ஒரு பக்க மின்னஞ்சல்தான். காசு தர இழுத்தடித்தவருக்கு இந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டாம். அவர் மறுபடி வந்தால் முழுத் தொகையும் முன்னுக்கு வாங்குங்கள்.